வத்சலா ரயில் ஏறினாளா?

“நிறுத்துமே, நெல்லு வெடிக்குது” என்பாள் தாயாரம்மா. நான் பத்திரிகையை மடியில் கவிழ்த்துக்கொள்வேன்.

ஊறவைத்து வடித்த நெல், அகலச் சட்டியில் படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் அப்படியே உரலில் கொட்டியாக வேண்டும். சூடு ஆறினால் அவல் தட்டையாகாது, நொய்யாகிப் போகும். ஆகவே கதை எந்த இடத்தில் நின்றாலும் நிற்கட்டும் என்று இரண்டு உலக்கைகள் எழும்பும். தொம், தொம் என்று ஒன்று மாற்றி ஒன்று. கொட்டகைக் கூரையில் பெய்கிற மழைகூட அந்தச் சத்தத்தில் கேட்காது. சூடான உமியின் வாசனை மட்டும் மூக்கில் ஏறும்.

இடித்து, புடைத்து, அடுத்த ஈட்டைச் சட்டியில் போட்டு, அடுப்பில் பனையோலை பற்றிய பிறகு முனியம்மா கேட்பாள்: “ம், அந்தப் பொண்ணு அழுதுகினு கீதே, அப்பால?”

நான் பத்திரிகையைத் திருப்புவேன். ஒரு ஈடு வறுபட ஒரு பக்கம். அந்தக் கணக்கில்தான் நாங்கள் தொடர்கதை படித்தோம்.

வாராவாரம் எழுதிவருகிற இந்த என் கதையை, கல்யாணமாகி அம்பத்தூர்ப் பக்கம் வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். வந்து இறங்கின வருஷத்து அடைமழைதான் இந்த வாரம். தேதி கேட்காதீர்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓட ஆரம்பித்திருந்தன. பத்திரிகைக் காகிதம் பழுப்பாகி, பக்கங்கள் குறைந்து, கையில் எடுத்தால் நோஞ்சான் பிள்ளையைத் தூக்குவதுபோல் இருக்கும். அந்த வருஷத்துக்கு என்னிடம் இருக்கிற அடையாளம் இவ்வளவுதான்.

உலக்கை பிடிக்காத மருமகள்

தாயாரம்மா என் வீட்டுக்காரருக்குப் பெரியம்மா. எனக்கு அத்தை முறை. முகப்பேர் போகிற வண்டிப்பாதையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் வீட்டுக்குப் பின்னால்தான் நெல் குத்துகிற கொட்டகை. ஐப்பசி மழையில் வயலில் இறங்க முடியாத நாட்களில் பெண்கள் அங்கே கூடுவார்கள். கார்த்திகைத் தீபத்துக்கு அவல் வேண்டும், பொரி வேண்டும். ஆடி ஆவணியில் அறுத்த சொர்ணவாரி நெல் அப்போதுதான் பதமாக இருக்கும்.

எனக்கு உலக்கை சரிப்படவில்லை. நான் போட்ட குத்தெல்லாம் உரலின் விளிம்பில் விழுந்தது. முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

“ரயிலு கேட்டுக்காரர் பொண்ணுன்னாங்க. கேட்டு கம்பியத் தூக்கின கையின்னு நெனைச்சேன். பூத் தொடுக்குற கையா கீதே” என்றாள் தாயாரம்மா.

அன்று வெல்லம் சுற்றி வந்த காகிதத்தை எடுத்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ இருமல் மருந்து விளம்பரம். முனியம்மா உலக்கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். முனியம்மா கூலிக்கு நெல் குத்த வருகிறவள். வாயும் கையும் ஒரே வேகம்.

“அம்மா, இந்தப் பொண்ணு குத்த வாணாம். இதும் பங்கையும் நானே குத்தறேன். அது படிக்கட்டும்” என்றாள்.

அப்படி ஏற்பட்டதுதான் ஏற்பாடு. என் வீட்டு நெல்லை அவர்கள் இடித்தார்கள். நான் படித்தேன். என் வீட்டுக்காரர் பெரம்பூர்ப் பட்டறை வேலைக்கு ரயிலில் போய்வருகிறவர். வாராவாரம் ஸ்டேஷன் கடையில் பத்திரிகை வாங்கி, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். அதை நான் பிரிக்கும்போது அவர் உடம்புச் சூடு அதில் இருக்கும். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

முதல் அத்தியாயம் இல்லாத படிப்பு

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் கேட்டில் என் அப்பா வேலை பார்த்தார். ஸ்டேஷன் பெயர்ப்பலகை என் அரிச்சுவடி. ‘வே’ எனக்குத் தெரிந்தபோது ‘அ’ தெரியாது.

சிக்னல் கைகாட்டி விழாமல் ரயில் நின்றால் பெட்டி ஜன்னலில் கையேந்தி நிற்பேன். காசுக்கு இல்லை, காகிதத்துக்கு. படித்து முடித்த பத்திரிகையைச் சிலர் போடுவார்கள். சிலர் வேர்க்கடலைத் தோலைப் போடுவார்கள். கிடைத்ததெல்லாம் நடுப்பக்கமும் கடைசிப் பக்கமும்தான். கதை என்றாலே நடுவில் ஆரம்பித்து, பாதியில் நிற்கிற ஒன்று என்று நினைத்திருந்தேன். முதல் அத்தியாயம் என்று ஒன்று உண்டு என்பதைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணால் பார்த்தேன்.

ஈரத்தின் சில்லறைச் சுகங்கள்

மழை மாசத்தைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். எனக்கு அது பிடிக்கும். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு மேல் விளக்கு வைத்தால் வந்து விழுந்துகொண்டே இருக்கும். இறகு போகப் புடைத்து, அரிசியோடு வறுத்து, ஒரு கை அள்ளி வாயில் போட்டால் நெய்யும் மண்ணும் கலந்த ஒரு ருசி.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் ஆண்கள் மீன்பறியோடு ஓடுவார்கள். ஊரே கெளுத்தி வாசனை அடிக்கும். தீபாவளிக்கு எடுத்த புடவை ஒரு தடவை நனைத்தால் அந்த வாரம் முழுக்கக் காயாது. கணப்புச் சட்டிமேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்து உலர்த்துவோம். புகை வாசனையோடு இதமான சூட்டில் உடுத்திக்கொண்டால், மழை இன்னும் கொஞ்சம் பெய்தால்தான் என்ன என்று தோன்றும்.

இவற்றோடு கதையும் சேர்ந்துவிட்டால் கேட்கவா வேண்டும். கதாநாயகி அழுகிற வாரமெல்லாம் ஓர் ஈடு அவல் கருகிப் போகும். “இவ அழுதாலே நமக்கு நஷ்டம்” என்பாள் தாயாரம்மா. ஆனாலும் மறுநாள் முதலில் வந்து குந்துகிறவள் அவள்தான்.

ஆடிக்கு வந்தவள்

கதை கேட்கிறவர்களில் பேசாமல் கேட்கிறவள் ஒருத்தி இருந்தாள். பட்டு. தாயாரம்மாவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். பூந்தமல்லியில் வாழ்க்கைப்பட்டவள்.

புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கும் உள்ளதுதான். பட்டுவையும் அப்படித்தான் அவள் அண்ணன் அழைத்து வந்தான். ஆவணி பிறந்தது. மற்றப் பெண்களெல்லாம் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். பட்டு போகவில்லை. ஐப்பசியும் வந்துவிட்டது. தீபாவளிக்கு மாப்பிள்ளையும் வரவில்லை.

புருஷன் கோவிந்தன் ஜட்கா ஓட்டுகிறவன். குடியில்லை, அடியில்லை. வீட்டில் அவனுக்கு ஒரு மூத்த அக்கா. அரிசி வைக்கிற மரப்பெட்டிக்குப் பூட்டு. சாவி அக்காவின் இடுப்பில். பட்டு பசித்தால் கேட்க வேண்டும். கேட்டால், “இப்பத்தான துன்ன?” என்று ஒரு வார்த்தை.

“அவரு இன்னா சொல்வாரு?” என்று கேட்டேன்.

“குதிரைக்குக் கொள்ளு வெக்கப் பூடுவாரு” என்றாள் பட்டு. உலக்கையை ஒரு குத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அந்த ஊட்ல குதிரையா பொறந்திருந்தா கேக்காமலே கெடைச்சிருக்கும்.”

அந்த அக்காவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து, தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தனக்கென்று அவளிடம் இருந்தது அந்தச் சாவி ஒன்றுதான். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கார்த்திகைத் தீபத்தன்று கோவிந்தன் வண்டியோடு வருகிறான், பட்டு கூட வந்தால் வரட்டும், வராவிட்டால் அதோடு தீர்ந்தது என்று பூந்தமல்லியிலிருந்து சேதி வந்தது. பட்டுவின் அண்ணன் நல்லவன்தான். “நீ இருந்தாலும் சரி, போனாலும் சரி. ஆனா அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிடு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வாசல்ல நின்னு பதில் சொல்ல என்னால ஆவாது” என்றான்.

ஒரு கால் படியில்

எங்கள் தொடர்கதைக்குக் கடைசிக்கு முந்தின வாரம் அது. வத்சலா பட்டணத்து வக்கீல் ஒருவரின் மனைவி. பங்களா, மோட்டார், மாமியார், எல்லாம் உண்டு. யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். ரயில் புகை கக்குகிறது. வக்கீல் பிளாட்பாரத்தில் ஓடி வருகிறார். “வத்சலா, வந்துவிடு” என்கிறார். அவள் ஒரு கால் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில். கார்டு விசில் ஊதுகிறார். தொடரும்.

“எந்த ஸ்டேசனு? நம்ப அம்பத்தூரா?” என்றாள் முனியம்மா.

“கதை முனியம்மா. நெசத்துல அப்படி ஒருத்தி இல்லை” என்றேன்.

“இல்லாதவளுக்கா இவ்ளோ நாளு அழுதேன்?” என்று என்னை முறைத்தாள். அவள் நம்பவில்லை. வத்சலாவுக்கு நல்ல வழி பிறந்தால் ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

பட்டு அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அவ இன்னா பண்றாளோ அதான் நானும் பண்ணப் போறேன்.”

தாயாரம்மா சிரித்தாள். “எழுதறவன் எவனோ மயிலாப்பூர்ல நாற்காலி போட்டுக் குந்திக்கினு கீறான். அவனா உனக்குப் பஞ்சாயத்து?”

“என்னைத் தெரிஞ்சவங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டாங்க சின்னம்மா. தெரியாத ஒருத்தரு சொல்லட்டுமேன்னு பாக்கறேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். அவள் முகத்தைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வராத ரயில்

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. கலங்கல் இரைச்சல் வீட்டுக்குள் கேட்டது. வில்லிவாக்கத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் கீழ் மண் கரைந்து ரயில் நின்றது. என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போகாமல் வீட்டில் கூரை ஒழுகலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் இல்லை என்றால் ஸ்டேஷன் கடைக்குப் பத்திரிகை இல்லை. தீபத்துக்கு முந்தின நாள் மழை விட்டது. வண்டிப்பாதை திறந்தது. தண்டவாளம் மட்டும் சரியாகவில்லை.

அன்று மத்தியானம் தாயாரம்மா என்னை வைக்கோல்போர் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். “பழைய பேப்பரையே வெச்சுக்கினு நீயே ஒரு முடிவு படிச்சுடு. அவ ஊட்டுக்குத் திரும்பிப் போறதா படி. ஆருக்குத் தெரியப் போவுது?”

கொட்டகைக்குத் திரும்பினால் முனியம்மா தண்ணீர் சேந்துகிற சாக்கில் என் காதருகே வந்தாள். “அம்மா இன்னா சொன்னாங்கன்னு தெரியும். கேக்காத. ரயிலு ஏறிப் போயிட்டதா படி. ஏறினாத்தான் மரியாதை.”

பழைய இதழை மடியில் விரித்தேன். அடுப்பில் ஓலை எரிந்தது. பட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. என் நாக்கில் எது வந்தாலும் அவளுக்கு அது அச்சில் ஏறினதுதான். கேட்டில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அப்பா நிற்பது ஞாபகம் வந்தது. அவருக்காவது ரயில் வருவது தெரியும்.

“பேப்பர் வரல பட்டு. முடிவு எனக்கும் தெரியாது” என்றேன்.

நெல் வெடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கருகல் வாசனை வந்த பிறகுதான் தாயாரம்மா சட்டியை இறக்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“எழுதினவரு வரலன்னா இன்னா? நமக்கு வாயில்லையா?” என்றாள் முனியம்மா. “நான் சொல்றேன். அவ ஏறிடறா. வண்டி கெளம்புது. வக்கீலு பின்னாலயே ஓடறான். அரக்கோணம் வரைக்கும் ஓடட்டும். ரயிலு பின்னாடி ஓடினாத்தான் ஆம்பளைக்கு ஊடு எந்தப் பக்கம் கீதுன்னு தெரியும்.”

“அரக்கோணத்துல எறங்கி எங்க படுப்பா? பிளாட்பாரத்துலயா?” என்றாள் தாயாரம்மா. “எறங்கி ஊட்டுக்குப் போறா. போயி மொதல்ல ஒரு காப்பி குடிக்கறா. சண்டையை வயித்துல ஏதாச்சும் போட்டுக்கினு போடணும்.”

என்னைக் கேட்டார்கள். கேட்டுக்காரர் மகளுக்கு வேறென்ன தோன்றும். “கைகாட்டி விழாம வண்டி கொஞ்ச நேரம் நிக்கட்டும். ரெண்டு பேரும் பேசிக்கட்டும்” என்றேன்.

பட்டு ரொம்ப நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அவ ஏறவும் மாட்டா, எறங்கவும் மாட்டா. படியில நின்னுக்கினே ஒண்ணு கேப்பா.”

“இன்னான்னு?”

“அரிசிப் பொட்டி சாவி ஆராண்ட கீதுன்னு.”

“பங்களாவுல ஏதுமே அரிசிப் பொட்டி?” என்றாள் முனியம்மா.

“எல்லா ஊட்லயும் கீது” என்றாள் பட்டு.

தீபத்தன்று

மறுநாள் உச்சிவேளையில் ஜட்கா வந்து நின்றது. சக்கரம் அச்சு வரைக்கும் சேறு. நாங்கள் கொட்டகையில் வெல்லப்பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கோவிந்தன் உள்ளே வராமல் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். ஒல்லியான ஆள். பேசுவதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு முகம்.

பட்டு கையில் ஒட்டிய பாகோடு வாசலுக்குப் போனாள்.

“கெளம்பறியா?” என்றான்.

“பொட்டி சாவி ஆராண்ட கீது?”

அவன் குதிரையைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பொய் சொல்லியிருக்கலாம். “அக்காவாண்டதான்” என்றான்.

“அப்போ இன்னும் நான் வர்ற நேரம் வரல.”

அவ்வளவுதான். திரும்பி வந்து உருண்டை பிடிக்க உட்கார்ந்தாள். வெளியே வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. தாயாரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பட்டு பிடித்த உருண்டை ஒன்றும் ஒட்டவில்லை, உதிர்ந்துகொண்டே இருந்தது. நான் என் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையும் பாகில் ஒட்டிக்கொண்டன.

விளக்கு வைக்கிற நேரம். தெருவெல்லாம் அகல் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மாவளி சுற்றித் தீப்பொறி பறக்கவிடுகிறார்கள். அந்தப் பொறிக்கு மிரண்டு, ஒரு குதிரை பக்கவாட்டில் ஒதுங்கியபடியே வந்து நின்றது. கோவிந்தன்தான். வண்டிக்குள் உட்கார இடமில்லை. பெரிய மரப்பெட்டி ஒன்று, மேலே பூட்டோடு.

“சாவி குடுக்கல. அதான் பொட்டியையே தூக்கிக்கினு வந்துட்டேன்” என்றான்.

முனியம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தாயாரம்மா பொத்திக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

“அக்கா இன்னா சொன்னாங்க?” என்று பட்டு கேட்டாள்.

“குந்திட்டாங்க. வண்டிப்பேட்டைக்குப் பின்னால ஒரு ரூமு கேட்டு வெச்சுக்கீறேன். அக்கா பழைய ஊட்லயே இருக்கட்டும். நான் போயி பாத்துக்குவேன்.” இவ்வளவு வார்த்தை அவன் வாழ்நாளில் சேர்ந்தாற்போல் பேசியிருக்க மாட்டான். மூச்சு வாங்கியது.

வண்டியில் இருந்த மாற்றுக் கடையாணியை எடுத்து அவனே பூட்டை நெம்பித் திறந்தான். அரிசி பாதிக்கு மேல் இருந்தது. பட்டு முறத்தை எடுத்து வந்து அள்ளினாள். தனக்கு இருக்கட்டும் என்று ஒரு சாக்கில் பாதி. மீதியைப் பெட்டியிலேயே விட்டு, மேலே எங்கள் அவலில் ஒரு படியையும் உருண்டைகளையும் வைத்தாள்.

“இத அவங்களாண்டயே கொண்டுபோயி குடு. பூட்டு இல்லாம குடு” என்றாள்.

அன்றைக்கே அவள் கிளம்பவில்லை. அக்காவிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து மறுநாள் காலையில் அவன் அழைத்துப் போனான். முனியம்மா ஏரிக்கரைக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள். யாருக்கு வேண்டிக்கொண்டதை யாருக்குச் செலுத்தினாள் என்று நான் கேட்கவில்லை.

கடைசி அத்தியாயம்

ரயில் ஓட ஆரம்பித்ததும் தேங்கிக் கிடந்த இதழ் வந்து சேர்ந்தது. அவல் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் எல்லோரும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். சும்மா உட்கார்ந்து கதை கேட்டுப் பழக்கமில்லாததால் முனியம்மா வெறும் முறத்தை வைத்துத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

வத்சலா படியிலிருந்து இறங்கினாள். வக்கீலின் காலில் விழுந்தாள். கண்ணீரால் அவர் பாதத்தை நனைத்தாள். இருவரும் மோட்டாரில் பங்களாவுக்குப் போனார்கள். முற்றும்.

“ஒண்ணும் கேக்கலையா?” என்றாள் முனியம்மா.

“இல்லை.”

“பக்கத்த நல்லா திருப்பிப் பாரு.”

பார்த்தேன். மறுபக்கத்தில் கூந்தல் தைலம்தான் இருந்தது.

“நாற்காலியில குந்திக்கினு எழுதினா அப்படித்தான்” என்று தாயாரம்மா எழுந்துகொண்டாள். அவள் சொன்ன முடிவும் ஏறக்குறைய அதுதான் என்பதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

சில நாள் கழித்து, அம்பத்தூர் ஸ்டேஷனுக்குச் சவாரி வந்த கோவிந்தன் எங்கள் பாதையாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். இந்தத் தடவை இறங்கி வந்து நின்றான். சட்டையில் பொத்தான் எல்லாம் இருந்தது. பட்டு நன்றாக இருக்கிறாள் என்றான். அக்கா ஒருநாள் வந்து அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போனாளாம். போகும்போது ஒரு குழம்புச் சட்டி விட்டுவிட்டுப் போனாளாம்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். “பட்டு உங்களாண்ட ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னா. அந்த ரயிலு படியில நின்ன பொண்ணு இன்னா பண்ணுச்சாம்?”

நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் முனியம்மா முந்திக்கொண்டாள். “ஒண்ணும் கேக்காமலே புருசன் கூடப் போயிடுச்சாம் அண்ணாத்தே.”

கோவிந்தன் குதிரையின் நெற்றியை ஒரு தடவை தடவினான்.

“பாவம்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.